கஷ்டமான இங்கிலீஷ் வார்த்தை குவிஸ்ல எதை எடுக்கலாம், எதை விடலாம்? கொருக்குப்பேட்டை மொட்டை மாடியிலருந்து ஒரு ஒப்பீடு

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டு மூடிட்டாங்கன்னா எப்ப தொறப்பாங்கன்னு சொல்ல முடியாது, ஒரு கூட்ஸ் போனதும் தொறப்பாங்கன்னு நிப்போம், எதிர்ல இன்னொன்னு வந்துடும். அப்படி நின்ன நேரத்துல எங்க மாடி டியூஷனுக்கு வர்ற பொண்ணு ஒருத்தி போன்ல ஒரு குவிஸ் எடுத்திருக்கா. 20 கஷ்டமான இங்கிலீஷ் வார்த்தை, ஒவ்வொண்ணுக்கும் நாலு ஆப்ஷன், பதினஞ்சுக்கு மேல வாங்கினா நீங்க மேதைன்னு போட்டிருந்திச்சாம். அவளுக்கு வந்தது 6. அன்னிக்கு சாயங்காலம் மாடிக்கு வந்தவ நோட்டையே தொறக்கல. "எனக்குல்லாம் இங்கிலீஷ் வராதுக்கா, தமிழ்லயே எழுதுற எக்ஸாம் எதனா பாத்துக்கிறேன்"னு சொல்லிட்டு பேசாம உக்காந்துட்டா. பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம், இப்ப காலேஜ் முதல் வருஷம், அப்பா காசிமேட்டுல மீன் பிடிக்கிற போட்டுக்குப் போறவரு.

எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல. ஒரு பொண்ணு தன் வாழ்க்கைல என்ன எக்ஸாம் எழுதலாம்னு முடிவு பண்றத ரெண்டு நிமிஷ குவிஸ் ஒண்ணு மாத்திடுச்சு. அதுக்கப்புறம்தான் ஒவ்வொரு வகை குவிஸா உக்காந்து எடுத்துப் பாத்தேன், பசங்களையும் எடுக்க வெச்சேன், எது எதை அளக்குதுன்னு நோட்டுல எழுதிக்கிட்டே வந்தேன். நான் பகல்ல பீச் ஸ்டேஷன் பக்கம் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ்ல வேலை பாக்குறேன், சாயங்காலம் மாடில பசங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுக்குறேன். உங்க வீட்லயும் யாராவது இந்த மாதிரி ஒரு ஸ்கோர பாத்துட்டு சோர்ந்து உக்காந்திருந்தா இது உதவும்னு நினைக்கிறேன்.

முதல்ல அந்த 6ஐயே எடுத்துக்குவோம். 20 கேள்வி, நாலு ஆப்ஷன்னா, கண்ண மூடிக்கிட்டு குத்தினாலும் சராசரியா 5 வரும். அப்ப 6ங்கறது அந்தப் பொண்ணப் பத்தி ஒண்ணுமே சொல்லல, அந்த 20 வார்த்தையும் அவ இதுவரைக்கும் பாக்காத வார்த்தைன்னு மட்டும்தான் சொல்லுது. அதே குவிஸ்ல அதே தெருவுல இருக்கிற இங்கிலீஷ் மீடியம் பையன் 13 எடுத்தான். சரி, ஆப்ஷன் இல்லாம ஒவ்வொண்ணா வாயால அர்த்தம் சொல்லுப்பான்னேன், நாலுக்குத்தான் சொன்னான். மீதி எல்லாம் "இது சவுண்ட் அப்படி இருந்திச்சுக்கா, அதான் போட்டேன்". அவன் தப்பு ஒண்ணும் இல்ல, குவிஸ் அவன்கிட்ட கேட்டதே அவ்ளோதான்.

இந்த வகைல இன்னொரு கோளாறும் இருக்கு. கஷ்டம்னு எதை வெச்சு சொல்றாங்கன்னு ஒரு கணக்கே கிடையாது. ஒரு வார்த்தை அபூர்வமா வர்றதால கஷ்டமா இருக்கலாம், இல்ல சவுண்டு ஏமாத்துறதால கஷ்டமா இருக்கலாம், ரெண்டும் வேற வேற. எனர்வேட்னு ஒரு வார்த்தை, எனர்ஜி மாதிரி கேக்குதேன்னு தெம்பு குடுக்கறதுன்னு போட்டுடுவோம், அர்த்தம் நேர் எதிர், சத்தைப் பிழிஞ்சு எடுக்கறது. நாய்சம்னா சத்தம் இல்ல, நாத்தம். மெரிட்ரிஷியஸ்ல மெரிட் இருக்கற மாதிரி தெரியும், ஆனா மேல பளபளப்பு உள்ள சரக்கு இல்லைங்கறதுதான் அர்த்தம். போன் குவிஸ் போடறவங்களுக்கு இந்த மாதிரி வார்த்தைனா ரொம்பப் பிடிக்கும், ஏன்னா நெறைய பேர் தப்பு பண்ணுவாங்க. ஆனா நீங்க பேப்பர் படிக்கும்போது தடுக்கி விழற வார்த்தை இதுங்க இல்லையே.

இன்னொண்ணு சொல்லியே ஆகணும். வேற ஒரு குவிஸ்ல கேட்டமரான்னு கேட்டிருந்தான். இந்தப் பொண்ணு கட்டைங்கள சேத்துக் கட்டின மிதவைங்கற ஆப்ஷன தொட்டா, சிவப்புல தப்புன்னு வந்துச்சு, ரெண்டு உடம்பு சேத்த படகுதான் சரியாம். இங்கிலீஷ் டிக்‌ஷனரிய எடுத்துப் பாத்தா ரெண்டு அர்த்தமும் இருக்கு, முதல்ல வந்த அர்த்தமே நம்ம கட்டுமரம்தான், இந்தக் கடற்கரையில பாத்த வெள்ளைக்காரன் 17ஆம் நூற்றாண்டுலயே எழுதி வெச்ச வார்த்தை. அவ தாத்தா கட்டுமரத்துல போனவரு. அவளுக்கு எல்லாரையும் விட நல்லா தெரிஞ்ச ஒரே வார்த்தைக்கு அவளுக்குத் தப்பு போட்டாங்க. விடை சரியா தப்பான்னு மட்டும் சொல்லிட்டு ஏன்னு சொல்லாத குவிஸ எடுக்காதீங்க, அவ்ளோதான் நான் சொல்வேன்.

நாலு ஆப்ஷன்னாலே மோசம்னும் சொல்ல மாட்டேன். எங்கப்பா ஹார்பர்ல டாலி கிளார்க்கா, அதாவது கப்பல் சரக்க எண்ணிக் கணக்கு எழுதறவரா இருந்தாரு, மின்ட் பக்கம் பழைய புத்தகக் கடையில ரீடர்ஸ் டைஜஸ்ட் பழைய இதழுங்க வாங்கிட்டு வருவாரு. அதுல வர்ற வேர்டு பவர் பக்கம் 1945லருந்து வந்தது, அதுவும் ஆப்ஷன் குவிஸ்தான், ஆனா விடைப் பக்கத்துல ஒவ்வொரு வார்த்தைக்கும் விளக்கம் இருக்கும், எப்படி பயன்படுத்தறதுன்னு காட்டி இருக்கும். அப்பா விடைய பாக்கறதுக்கு முன்னாடியே பென்சில்ல தன் விடைய எழுதிடுவாரு, தப்பான வார்த்தைய மட்டும் சிகரெட் பெட்டி அட்டையில எழுதி சட்டைப் பாக்கெட்டுல வெச்சுக்குவாரு, மறுநாள் கப்பல் பக்கத்துல நிக்கும்போது பாக்க. குவிஸ் அதேதான், அவரு எடுத்த விதம்தான் அதை உபயோகமா ஆக்கிச்சு.

போன்லயே எடுக்கணும்னா ஃப்ரீரைஸ் பரவால்ல. 2007ல ஆரம்பிச்சது, 2009லருந்து ஐநாவோட உலக உணவுத் திட்டம் நடத்துது, சரியான விடைக்கு 10 அரிசி மணின்னு பேர் வாங்கினது. அரிசி விஷயம் நல்ல விஷயம், சின்னப் பசங்களுக்கு அதுவே பெரிய உற்சாகம், ஆனா நான் சொல்ல வர்றது வேற. அது நம்ம விடைய பாத்து லெவல ஏத்தும், தப்பு பண்ணா இறக்கும், அதனால யாரும் முதல் கேள்வியிலயே மூஞ்சில அடி வாங்க மாட்டாங்க, கொஞ்ச நேரத்துல நம்ம உயரத்துக்கு வந்து நின்னுடும். குறை என்னன்னா ஒரு வார்த்தைக்கு பதிலா இன்னொரு வார்த்தைய தொடுன்னு கேக்கறதோட நின்னுடுது. ஸ்லிம், ஸ்கின்னி ரெண்டுக்குமே ஒல்லின்னு போட்டுடலாம், ஆனா ஒண்ணு பாராட்டு, ஒண்ணு வயித்தெரிச்சல், அந்த வித்தியாசம் இதுல பிடிபடாது.

அடுத்தது தெரியும், தெரியாது வகை. ஒரு வார்த்தைய காட்டுவாங்க, இது நிஜ இங்கிலீஷ் வார்த்தையா இல்லையான்னு மட்டும் சொல்லணும், நடுவுல பொய் வார்த்தைங்கள கலந்து வெச்சிருப்பாங்க. ஆராய்ச்சிக்காரங்க பயன்படுத்தற லெக்ஸ்டேல்னு ஒண்ணு, 2012ல வெளியானது, மொத்தம் 60, அதுல 40 நிஜம், 20 பொய். நிஜத்துல எத்தனை சதவீதம் சரி, பொய்யில எத்தனை சதவீதம் சரின்னு தனித்தனியா பாத்து ரெண்டுக்கும் சராசரி போடுவாங்க. அதனால எல்லாத்துக்கும் தெரியும் தெரியும்னு தட்டிக்கிட்டே போனா 100ம் 0ம் சேந்து 50ல வந்து நிக்கும், ஏமாத்த முடியாது. அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுடும். எங்க மாடில இதை எடுத்தப்ப ஒரு விஷயம் எனக்கே கண்ணத் தொறந்துச்சு, அந்த 13 எடுத்த பையன் பொய் வார்த்தைங்கள்ல பாதிக்கு மேல தெரியும்னு போட்டிருந்தான், இந்தப் பொண்ணு தெரியாததுக்கெல்லாம் தெரியாதுன்னே போட்டிருந்தா. ரெண்டு பேர் மொத்த ஸ்கோரும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். அவ தனக்கு என்ன தெரியும்னு தெளிவா வெச்சிருக்கா, அது பெரிய பலம், அதை நான் அவகிட்ட சொன்னேன். ஆனா இந்த வகை அர்த்தம் கேக்காது, பாத்த வார்த்தையா பாக்காத வார்த்தையான்னு மட்டும்தான். நல்லா இங்கிலீஷ் படிச்சவங்களுக்காக செஞ்சது, அதனால ஸ்கூல் பசங்களுக்கு குடுக்காதீங்க.

இப்ப நான் ரொம்ப மதிக்கிற வகைக்கு வர்றேன். பால் நேஷன்னு நியூசிலாந்து பேராசிரியர், வார்த்தை எப்படி கத்துக்கறோம்னு ஆராய்ச்சி பண்றதுலயே காலம் முழுக்க இருந்தவரு, அவரும் டேவிட் பெக்லரும் சேந்து 2007ல வெளியிட்ட வொகாபுலரி சைஸ் டெஸ்ட். இங்கிலீஷ்ல அதிகமா வர்ற வார்த்தைங்கள ஆயிரம் ஆயிரமா அடுக்கி, முதல் ஆயிரத்துலருந்து 10, ரெண்டாவது ஆயிரத்துலருந்து 10, அப்படியே 14வது ஆயிரம் வரைக்கும் மொத்தம் 140 கேள்வி. சரியானத 100ஆல பெருக்கினா உங்களுக்கு சுமாரா எத்தனை வார்த்தைக் குடும்பம் தெரியும்னு வந்துடும். குடும்பம்னா யூஸ், யூஸ்ஃபுல், யூஸ்லெஸ், யூசர் எல்லாம் சேத்து ஒண்ணு. ஒவ்வொரு வார்த்தையும் ஒரு சின்ன வாக்கியத்தோட வரும், வாக்கியம் அர்த்தத்த காட்டிக் குடுக்காது, அது பெயரா வினையான்னு மட்டும் காட்டும். நேஷன் 2006ல போட்ட கணக்குல, நாவல், பேப்பர் மாதிரி எழுத்த யார் துணையும் இல்லாம படிக்க 8000லருந்து 9000 குடும்பம் வேணும், பேச்சு புரியறதுக்கு 6000லருந்து 7000. இந்த ரெண்டு எண்ணும் கையில இருந்தா நம்ம ஸ்கோர எதோட ஒப்பிடணும்னு தெரிஞ்சுடும், பக்கத்து வீட்டுப் பையனோட இல்ல.

இதுலயும் ஊகம் இருக்கு, மறைக்க மாட்டேன். நாலு ஆப்ஷன், 140 கேள்வி, ஒண்ணுமே தெரியாம குத்தினாலும் சராசரியா 35 வரும், அதாவது 3500 வார்த்தை தெரியும்னு காட்டும். அதனால நாங்க ஒரு ஏற்பாடு பண்ணோம், பேப்பர்ல எடுக்கறது, ஊகமா போட்டதுக்குப் பக்கத்துல ஒரு புள்ளி, முடிச்சதும் புள்ளி இல்லாத சரியான விடைங்கள மட்டும் எண்றது. அந்தப் பொண்ணுக்கு 47 வந்துச்சு. வெறும் எண்ண விட்டுட்டு அவ பேப்பர நான் விரிச்சுக் காட்டினேன், முதல் மூணு ஆயிரத்துல ஒண்ணு ரெண்டு தவிர எல்லாம் சரி, நாலாவதுல ஏழு, அஞ்சாவதுல அஞ்சு, அங்கருந்துதான் மளமளன்னு இறங்குது. "ஏழுமலை அண்ணன் கடை வரைக்கும் ரோடு நல்லாதான் இருக்கு, அதுக்கப்புறம்தான் குழி, அவ்ளோதான்"னு எங்க தெருவையே வெச்சு சொன்னேன். சிரிச்சுட்டா. இங்கிலீஷ் வராதுன்னு சொன்னவளுக்கு நாலாவது ஆயிரத்துல விட்டதையும் அஞ்சாவது ஆயிரத்தையும் படிக்கணும்னு வேலை கிடைச்சுடுச்சு. போன் குவிஸ் கேட்டதெல்லாம் பத்தாவது ஆயிரத்துக்கு அப்பால இருக்கிற வார்த்தைங்கதான்.

முக்கா மணி நேரம் ஆகும், பசங்க நெளிவாங்க, நடுவுல டீ போட்டுக் குடுங்க.

எக்ஸாமுக்குப் படிக்கறவங்க கணக்கு தனி. மத்திய அரசு வேலைக்கு டிகிரி முடிச்சவங்க எழுதற எஸ்எஸ்சி சிஜிஎல் முதல் கட்டத்துல இங்கிலீஷ் 25 கேள்வி, ஒண்ணுக்கு 2 மார்க், தப்புக்கு அரை மார்க் கட். சினானிம், ஆன்டனிம், ஒன் வேர்டு, இடியம், ஸ்பெல்லிங், கோடிட்ட பத்தி எல்லாம் வரும். அங்க வாக்கியத்த வெச்சு விடைய பிடிக்கிற பழக்கம் வேணும், அதனால தனி வார்த்தை குவிஸ விட பழைய கேள்வித்தாள்தான் சரியான குவிஸ். தப்பான ரெண்டு ஆப்ஷன அடிச்சுட்டு மீதி ரெண்டுல ஒண்ணு போடறது அங்க நல்ல கணக்கு, பாதி நேரம் 2 வரும், பாதி நேரம் அரை போகும், சராசரியா முக்கா மார்க் லாபம். ஆனா அது எக்ஸாம் எழுதற திறமை, வார்த்தை தெரிஞ்ச திறமை இல்ல, படிக்கும்போது ரெண்டையும் ஒண்ணா போட்டுக் குழப்பிக்காதீங்க. இண்டிஜென்ட்னா வறுமையில இருக்கறவங்க, இண்டிஜினஸ்னா அந்த மண்ணுக்காரங்க, இந்த ஜோடியில ஊகமா சரியா போட்டுட்டு நமக்குத் தெரியும்னு தாண்டிப் போனவங்கதான் அடுத்த பேப்பர்ல மாட்டறாங்க.

வெளிநாட்டுப் படிப்புக்குப் போறவங்களுக்கும் அதேதான். ஜிஆர்இல தனி வார்த்தைக்கு எதிர்ச்சொல் கேக்கறத 2011லயே எடுத்துட்டாங்க, இப்ப வாக்கியத்துல இருக்கிற இடத்த நிரப்பணும். எஸ்ஏடில 2016லருந்து, யாரும் பேசாத அபூர்வ வார்த்தைங்கள மனப்பாடம் பண்ண வேண்டிய தேவையே குறைஞ்சு போச்சு. கேள்வி போடறவங்களே தனி வார்த்தைய விட்டு வாக்கியத்துக்கு வந்துட்டாங்க, நாம மட்டும் ஏன் இன்னும் ஆயிரம் கஷ்ட வார்த்தைன்னு பிடிஎஃப் தேடிக்கிட்டு இருக்கணும்.

கடைசியா நம்ம வீட்டு முறை. காசு கிடையாது, ஆப் கிடையாது, ஒரு நாப்பது பக்க நோட்டு போதும். இங்கிலீஷ் பேப்பர்ல ஒரு செய்தி, அதுல தெரியாத பத்து வார்த்தை, ஒருத்தர் வார்த்தைய படிக்கணும், இன்னொருத்தர் முதல்ல தமிழ்ல அர்த்தம் சொல்லணும், அப்புறம் நம்ம தெருவப் பத்தி, நம்ம வீட்டப் பத்தி ஒரு இங்கிலீஷ் வாக்கியம் சொல்லணும். அர்த்தத்துக்கு ஒரு மார்க், வாக்கியத்துக்கு ஒரு மார்க், மொத்தம் 20. ஆப்ஷன் இல்ல, ஊகத்துக்கு இடமே இல்ல. ஸ்கேர்ஸ்னு ஒரு வார்த்தை வந்தப்ப பாதிப் பசங்க பயம்னாங்க, அது ஸ்கேர். இந்தப் பொண்ணு தட்டுப்பாடுன்னு சொல்லிட்டு, ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் எங்க வீட்ல மீனும் ஸ்கேர்ஸ் காசும் ஸ்கேர்ஸ்னு இங்கிலீஷ்லயே சொன்னா. ரெலக்டன்ட்னா மனசில்லாம தயங்கறது, அதுக்கு, காத்து ஏறினா எங்கப்பா போட்டு எடுக்க ரெலக்டன்ட்டா இருப்பாரு, எங்கம்மா இன்னும் ரெலக்டன்ட்டுன்னா. ரெண்டு பக்கத்து வித்தியாசமும் அந்த ஒரு வாக்கியத்துல வந்துடுச்சு, எந்த ஆப்ஷன் குவிஸாலயும் இத பாக்க முடியாது. குறைன்னா, மார்க் போடறவங்களுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கணும், டிக்‌ஷனரி பக்கத்துல வெச்சுக்குங்க, சந்தேகம் வந்தா வெக்கப்படாம தொறங்க. ஊர்ல எல்லாரோட ஒப்பிட ஸ்கோரும் கிடைக்காது.

வேலைக்குப் போறவங்களுக்கு இந்த முறைய நான் அழுத்திச் சொல்வேன். எங்க ஆபீஸுக்கு வர்ற கன்டெய்னர் லாரி டிரைவர் அண்ணன்களுக்கு டெமரேஜ்னா என்னன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் தெரியும், கன்டெய்னர குறிச்ச நாளுக்குள்ள எடுக்கலன்னா ஏறுற காசு. கன்சைனின்னா சரக்கு யாருக்கு வருதோ அவரு, பில் ஆஃப் லேடிங்னா கப்பல்காரன் சரக்க வாங்கிக்கிட்டதுக்கு குடுக்கற சீட்டு. டிகிரி முடிச்சவங்கள்லயே எத்தனை பேருக்கு இது தெரியும்? பொது குவிஸ் எதுவும் இதைக் கேக்காது, அதனால அவங்க ஸ்கோர் கம்மியா வரும், அவங்களும் நமக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னே நினைச்சுக்குவாங்க. அவங்க தொழில் பேப்பர்லருந்தே பத்து வார்த்தை எடுத்து ஆரம்பிங்க, மேல மேல வருவாங்க.

அப்ப என்ன முடிவுன்னா, நான் எங்க மாடில வெச்சிருக்கிறது இதுதான். நாம எங்க நிக்கிறோம்னு தெரிய 140 கேள்வி டெஸ்ட் ஒரு தடவை, வாராவாரம் நோட்டு முறை, எக்ஸாம் இருக்கறவங்களுக்கு கூடவே பழைய கேள்வித்தாள். சின்னப் பசங்க கைல போன் இருந்தே ஆகும்னா ஃப்ரீரைஸ். தெரியும் தெரியாது வகைய, தெரியாததத் தெரியும்னு சொல்ற பழக்கம் இருக்கறவங்களுக்கு மட்டும் ஒரு தடவை குடுக்கறேன், திட்டாமலே புரிஞ்சுடும். மேதை குவிஸ நிறுத்திட்டோம். காசு கட்டற ஆப் எதுவும் இதுக்குத் தேவைப்படல.

ஒரு விஷயம் மட்டும் கவனிங்க, 140 டெஸ்ட்ட ஒரு மாசத்துலயே திரும்ப எடுக்காதீங்க, விடை ஞாபகம் இருக்கும், ஏறின மாதிரி தெரியும், ஏறியிருக்காது. ஆறு மாசமாவது விடுங்க. அதே டெஸ்ட்ல 20,000 வார்த்தை வரைக்கும் போற ரெண்டு பதிப்பு 'ஏ', 'பி'ன்னு இருக்கு, ஒவ்வொண்ணுலயும் 100 கேள்வி, சரியானத 200ஆல பெருக்கணும், ரெண்டாவது தடவைக்கு அதுல ஒண்ணு எடுத்தா கேள்வி பழகிப்போன பிரச்சினை குறையும். அந்தப் பொண்ணு ஏ எடுக்கறதுக்கு பொங்கல் முடிஞ்ச வாரத்த குறிச்சு வெச்சிருக்கா. இப்ப கேட்டு மூடினா பையிலருந்து நோட்டுதான் வெளிய வருது, தங்கச்சி வார்த்தைய படிக்குது, இவ சைக்கிள பிடிச்சுக்கிட்டே வாக்கியம் சொல்றா, கூட்ஸ் சத்தத்துல கேக்கலன்னா வண்டி போனதும் இன்னொரு தடவை சொல்றா.